சத்தத்தால் நகரும் துளி மலையகத்துக்கும் வேண்டியதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் விஞ்ஞானப் பக்கத்தில் அண்மையில் ஒரு சிறு செய்தி வந்தது. ஒலியலையைக் கொண்டு திரவத் துளிகளைத் தொடாமலே நகர்த்துகிறார்கள் என்று நாலைந்து வரி, கூடவே ஒரு படம். அதைப் பற்றி நுவரெலியா மாவட்ட வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் போன ஞாயிறு வெளியிட்டிருந்தீர்கள். தோட்டத்து லய வீடுகளுக்குத் தண்ணீரே ஒழுங்காக வராதபோது ஒரு துளித் தண்ணீர் சத்தத்துக்கு நகர்ந்தால் என்ன, நகராவிட்டால் என்ன, அந்த இடத்தைச் சம்பளப் பிரச்சினைக்குக் கொடுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. நானும் லயக்காம்பராவில் பிறந்தவள். குடத்தோடு பீலிக்கரையில் காத்து நின்றவள். ஆனாலும் இந்த விஷயம் நமக்கு வேண்டாதது என்ற அவருடைய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மலைநாட்டு அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. துளிகளை அளந்து எடுத்து ஊற்றித்தான் என் நாள் போகிறது. அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆய்வுகூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய கையிலிருந்து நாங்கள் எடுப்பது ஒரு குழாய்க்கு 2 அல்லது 3 மில்லிலீற்றர் இரத்தம். பரிசோதனைக்கு உண்மையில் செலவாவது அதில் மிகச் சிறிய பங்கு. பல பரிசோதனைகளுக்கு 10 மைக்ரோலீற்றர் போதும். ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் மைக்ரோலீற்றர் உண்டு. விரல் நுனியில் குத்தினால் வரும் ஒரு துளியே கிட்டத்தட்ட 50 மைக்ரோலீற்றர் இருக்கும். அப்படியானால் ஏன் குழாய் நிறைய எடுக்கிறீர்கள் என்று நோயாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குழாயில் ஒட்டிக்கொள்வது, இயந்திரத்தின் உள்குழாய்களில் தங்குவது, சுழற்றிப் பிரிக்கும்போது செங்குருதிக் கலங்களோடு கீழே போய்விடுவது, மறுபடி செய்து பார்க்க நேர்ந்தால் கைவசம் இருக்க வேண்டியது என்று இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் எடுக்கிறோம். மிகச் சிறிய அளவு திரவத்தை வீணாக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் தொழிலின் கஷ்டமான பகுதி. ஒவ்வொரு முறையும் திரவத்தை அளந்து உறிஞ்சும் பைப்பெற்றின் நுனிக்குப் புதிய பிளாஸ்ரிக் முனை போட வேண்டும், ஒரு முறை பாவித்ததும் வீச வேண்டும். வேலை முடியும்போது குப்பை வாளியில் அதுதான் நிறைந்து கிடக்கும்.

இனித் தோட்டத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். கர்ப்பிணியான கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை மிட்வைப் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவள் விடிய எழும்பி, தோட்டத்தின் மேல்கணக்கிலிருந்து றோட்டுக்கு நடந்து வந்து, பஸ் மாறி எங்களிடம் வந்து சேர்வதற்குள் வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பிரட்டு முடிந்துவிடும். அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை, அரைப்பேர்கூட விழாது. இரத்தத்தை எடுத்து அனுப்பிய பிறகு சில நாட்களில் நாங்களே அவளைத் திரும்பவும் கூப்பிட வேண்டி வருகிறது. மாதிரி உறைந்துபோயிருக்கும், அல்லது குலுங்கிக் குலுங்கி வந்ததில் செங்குருதிக் கலங்கள் உடைந்திருக்கும். கலங்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொற்றாசியம் வெளியே வந்து, நல்ல சுகமாக இருப்பவருக்கும் அளவு கூடியதாகக் காட்டும். கூடுதல் குளிரில் பல மணி நேரம் கிடந்தாலும் கலங்கள் உடையாமலே பொற்றாசியம் கசியும். குளுக்கோஸின் கதை வேறு. எடுத்த இரத்தத்தை அப்படியே வைத்திருந்தால் கலங்கள் சும்மா இருப்பதில்லை, குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 வீதம் குறையும். சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைட் போட்டு வைப்பது இதை அடக்கத்தான். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுதாக அடக்காது. தொலைவிலிருந்து வரும் மாதிரியில் நீரிழிவு மறைந்துபோகவும் இடம் உண்டு.

மிஸ், திரும்பவும் வரணுமா என்று ஒரு அக்கா கேட்கும்போது அந்த வார்த்தைக்குள் எத்தனை ரூபா போகிறது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்.

இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுவராமல், பரிசோதனையை இரத்தம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா? தோட்டத்து டிஸ்பென்சரி மேசையில், விரல் நுனித் துளி ஒன்றை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விடை பார்க்க முடியுமா? சத்தத்தால் துளியை நகர்த்தும் ஆராய்ச்சியைப் பலர் செய்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தக் கேள்விதான். உங்கள் செய்தியில் அது இல்லை. படத்தைப் பார்த்த வாசகருக்கு அது ஒரு வித்தை மாதிரித் தெரிந்ததில் வியப்பில்லை.

எப்படி நகர்கிறது என்பதைச் சொல்கிறேன். 1885இல் ரேலி பிரபு ஒரு விஷயத்தைக் கணக்கால் காட்டினார். திடப்பொருளின் உள்ளே போகாமல் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் அலைகள் இருக்க முடியும் என்பதுதான் அது. நிலநடுக்கத்தின்போது தரையின் மேலாக உருண்டு போகும் அலையும் இந்த வகைதான். அதே அலையை மிகச் சின்னதாக, ஒரு பளிங்குத் தகட்டின் மேல் உண்டாக்கலாம். சில பளிங்குகளை அமுக்கினால் மின்னழுத்தம் தோன்றும் என்று 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் பளிங்கு நெளியும் என்பதும் அடுத்த வருடமே உறுதியானது. 1965இல் அமெரிக்காவில் வைற், வோல்ற்மர் என்ற இருவர் அத்தகைய பளிங்கின் மேல் மெல்லிய உலோகக் கோடுகளை வரிசையாகப் பதித்து, ஒன்று விட்டு ஒன்றை எதிரெதிர் மின்முனையில் இணைத்தார்கள். மின் அலைவைக் கொடுத்ததும் கோடுகளுக்கு இடையில் பளிங்கு நெளிந்து, அந்த நெளிவு மேற்பரப்பில் அலையாக ஓடியது. கோடுகளின் இடைவெளிதான் அலைநீளத்தைத் தீர்மானிக்கிறது. லித்தியம் நையோபேற் என்ற பளிங்கில் இந்த அலை செக்கனுக்கு ஏறத்தாழ 4000 மீற்றர் ஓடும். மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது, 40 மெகாஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. நம் காதுக்கு எட்டும் எல்லையைப் போல இரண்டாயிரம் மடங்கு உயர்ந்த சத்தம் இது. பக்கத்தில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது.

இந்தப் பளிங்கு வேலைப்பாடு வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். கைத்தொலைபேசிக்குள் வேண்டிய வானொலி அலைவரிசையை மட்டும் பிரித்தெடுக்க இதே மேற்பரப்பு அலை வடிகட்டிகள்தான் இருக்கின்றன. மலைக்குக் கொண்டுபோகும் போனிலும் அது உண்டு.

சரி, துளிக்கு வருவோம். பளிங்கின் மேல் அலை ஓடிவரும் வழியில் ஒரு துளித் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர், பளிங்கின் மேற்பரப்பில் 4000. வேகம் மாறும் இடத்தில் அலை முறிந்து திரும்பும் என்று உயர்தரத்தில் ஒளிக்குப் படிக்கிறோமே, அதே விதிதான் இங்கும். அலை பளிங்கை விட்டுத் துளிக்குள் ஏறி, செங்குத்திலிருந்து சுமார் 22 பாகை முன்னோக்கிச் சாய்ந்து பாய்கிறது. அதன் சக்தியைத் தண்ணீர் உறிஞ்சும்போது தண்ணீரே அந்தத் திசையில் தள்ளப்படுகிறது. துளிக்குள் ஒரு சுழற்சி எழும்புகிறது. கீழே பளிங்கின் மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சு இருந்தால், சேம்பிலையில் நீர் உருள்வதுபோலத் துளி முழுவதும் முன்னே நகர்ந்துவிடும். இவ்வளவையும் செய்யும் அலையின் ஏற்ற இறக்கம் நனோமீற்றர் கணக்கில்தான், அதாவது ஒரு மில்லிமீற்றரை பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் அளவு. இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சக்தியைக் கூட்டக் கூட்டத் துளி நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. குறைவாகக் கொடுத்தால் இருந்த இடத்திலேயே உள்ளே கலங்கும். கொஞ்சம் கூட்டினால் நகரும். இன்னும் கூட்டினால் துளியிலிருந்து தாரையாகப் பாயும், அதற்கும் மேலே போனால் புகையாகச் சிதறும். ஜப்பானில் ஷியோகாவா என்பவரின் குழு 1980களின் கடைசியிலேயே இந்த விளைவுகளை ஆராய்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் அவுக்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் அக்கிம் விக்ஸ்ஃபோர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் துளிகளைத் தகட்டின் மேல் வேண்டிய இடத்துக்கு ஓட்டிப்போய் ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டினார்கள்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவளுக்கு இதில் மூன்று விஷயம் உடனே கண்ணில் படும். துளியைத் தொடாததால் ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடையதோடு கலக்கும் ஆபத்துக் குறையும், பிளாஸ்ரிக் முனையும் குறையும். அடுத்தது கலக்குவது. இவ்வளவு சின்னத் துளியில் இரண்டு திரவத்தை ஊற்றிவிட்டால் அவை தாமாகக் கலப்பதற்கு நெடுநேரம் எடுக்கும். கரண்டி விட்டுக் கலக்கவும் முடியாது. உள்ளே எழும் சுழற்சி அதைச் செக்கன் கணக்கில் முடித்துவிடும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி யோ, ஜேம்ஸ் ஃபிரெண்ட் ஆகியோர், அலையைத் துளியின் ஒரு பக்கத்தில் மட்டும் படவிட்டால் துளிக்குள் திரவம் சுற்றத் தொடங்கி, மிதக்கும் துகள்கள் ஓரிடத்தில் வந்து குவியும் என்று காட்டினார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் இதற்குத்தான் பெரிய சுழற்றி இயந்திரம் இருக்கிறது. கரண்ட் போனால் அது நின்றுவிடும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எப்படிப் போகும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு துளியைச் சுற்றவைக்கத் தேவைப்படும் மின்சாரத்தை பற்றரியே கொடுத்துவிடும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லாமல் போக முடியாது. ஜூலியன் ரெபூ, ஜொனதன் கூப்பர் ஆகியோரின் குழு, விலை கூடிய பளிங்கைக் கருவியிலேயே விட்டுவிட்டு, அதன் மேல் ஒரு மலிவான தகட்டை வைத்தது. அலை கீழிருந்து ஏறி அந்தத் தகட்டில் ஓடும். இரத்தம் படுவது தகட்டில் மட்டும், வேலை முடிந்ததும் அதை வீசிவிடலாம். அந்தத் தகட்டின் மேல் மலேரியாக் கிருமி உள்ள இரத்தத்தின் கலங்களை ஒலியாலேயே உடைத்து, அதே இடத்தில் கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடித்தார்கள். மலேரியா நம் நாட்டுக்குப் பழகிய பெயர். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதற்குப் பின்னால் ஊர் ஊராகப் போய் விரல் நுனியில் இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தவர்களின் உழைப்பு இருக்கிறது. ஒரு துளி இரத்தத்தை நோயாளியின் வாசலிலேயே எடுத்துப் பார்ப்பதன் பெறுமதி இந்த நாட்டுக்குப் புதிதில்லை.

பெரிய மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் இந்த வழியின் இன்னொரு வகை ஏற்கெனவே அன்றாடப் பாவனையில் இருக்கிறது. கிண்ணத்தின் அடியிலிருந்து, காதுக்குக் கேட்காத உயர்ந்த சத்தமான கழியொலியைத் திரவத்தின் மேற்பரப்பில் குவித்தால் மிகச் சிறிய துளியொன்று மேலே எகிறிக் கவிழ்த்துவைத்த தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு துளி 2.5 நனோலீற்றர். நான் பைப்பெற்றில் எடுக்கும் 10 மைக்ரோலீற்றரிலிருந்து அப்படி நாலாயிரம் துளி எடுக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒலியின் சக்தி துளிக்குள் போனால் துளி சூடாகும். இரத்தத்தில் உள்ள புரதங்களுக்குச் சூடு ஆகாது. சின்னத் துளி சீக்கிரம் காய்ந்துபோகும், காய்ந்தால் செறிவு மாறி விடை பிழைக்கும். தண்ணீரைவிட இரத்தம் பரப்புகளில் கூடுதலாக ஒட்டும், பூச்சை நாசமாக்கும். இதற்கு வழி தேடித்தான் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டோனி ஹுவாங்கின் குழு 2018இல் துளிகளை எண்ணெய் போன்ற ஒரு கனமான திரவத்தின் மேல் மிதக்கவிட்டு, அடியிலிருந்து ஒலி எழுப்பும் சுழிகளால் அவற்றை இழுத்துச் சென்றது. துளி எந்தத் திடப்பரப்பையும் தொடுவதில்லை. இவை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவை. நான் வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு கருவியும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அடுத்த வருடமே வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹீமோகுளோபினைப் பார்க்கும் சிறிய கைக்கருவிகள் இப்போதே உண்டு, அவற்றை ஒழுங்காகக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது முதல் வேலை. இதில் அந்த வாசகரும் நானும் ஒரே பக்கம்தான்.

ஆனால் தண்ணீரும் சம்பளமும் கிடைத்த பிறகுதான் நம் பிள்ளைகள் இதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால் நாம் என்றைக்கும் மற்றவர்கள் செய்து தரும் கருவிக்காகக் காத்திருப்பவர்களாகவே இருப்போம். நான் படித்த தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. ஹற்றனில் உறவினர் வீட்டில் தங்கித்தான் படித்தேன். என்னோடு சாதாரண தரத்தில் கணக்கில் நன்றாகச் செய்த பிள்ளைகள் சிலர் தங்க இடமில்லாமல் கலைப் பிரிவோடு நின்றார்கள். அவர்களில் ஒருத்திக்கு என்னைவிடப் பௌதிகவியல் நன்றாக வந்திருக்கும். அவள் இன்று கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறாள்.

என் அண்ணன் மகன் இப்போது உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். உங்கள் செய்தியைக் காட்டியதும் இணையத்தில் தேடி, 2017இல் பிறிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அசியர் மார்சோவும் அவருடைய சகாக்களும் எவரும் செய்து பார்க்கட்டும் என்று வெளியிட்ட கருவியைக் கண்டுபிடித்தான். 72 சின்னக் கழியொலி ஒலிபரப்பிகளை இரண்டு கிண்ண வடிவில் எதிரெதிரே அடுக்கினால், இடையில் உள்ள காற்றில் நின்ற அலை உண்டாகும். அழுத்தம் ஏறி இறங்காத இடங்களான கணுக்களின் அருகே சின்னத் துளிகள் அந்தரத்தில் நிற்கும். எழுபத்திரண்டு வாங்க அவனிடம் காசில்லை. தூரம் அளக்கும் மலிவான உணரி ஒன்றிலிருந்து இரண்டைக் கழற்றி எதிரெதிரே பொருத்தி, ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையால் ஓட்டினான். முழுச் செலவும் ஒரு மாத ரியூசன் காசுக்குள் அடங்கியது. தண்ணீர்த் துளியைத் தூக்க அதற்குப் பலம் போதவில்லை. ஆனால் மிக இலேசான ரெஜிபோம் மணிகள் மூன்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் காற்றில் நின்றன. அடிமட்டத்தை வைத்து இடைவெளியை அளந்தான், நாலு மில்லிமீற்றருக்குச் சற்று மேலே. ஒலியின் வேகத்தை 40 கிலோஹேர்ட்ஸால் வகுத்துப் பாதியாக்கினால் அதுதான் வரும். நுவரெலியா உயரத்தில் இடைவெளி மாறுமா என்று கேட்டான். உயரத்தால் மாறாது, குளிரால் ஒலி சற்று மெதுவாகப் போவதால் ஒரு மயிரிழை குறையும் என்று அவனே பிறகு கணக்குப் போட்டுச் சொன்னான். கணுவும் முரண்கணுவும் பரீட்சைக்குப் பாடமாக்கும் சொற்களாகத்தான் எனக்கு இருந்தன. அவன் அவற்றை அடிமட்டத்தால் அளந்துவிட்டான்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள். விஞ்ஞானப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள். நாலு வரியில் அதிசயம் என்று போடாமல், எப்படி நடக்கிறது, யாருக்கு உதவும், என்ன குறை என்று எழுதுங்கள். நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் மீடிறன், கணு, பரப்பிழுவிசை என்ற சொற்களையே பாவியுங்கள். அப்போதுதான் தோட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு இது தன் பாடத்தில் வருவதுதான் என்று பிடிபடும். அந்த இரண்டு ஒலிபரப்பிக் கருவியைச் செய்யும் முறையை மருமகன் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறான். வெளியிட விரும்பினால் அனுப்பிவைக்கிறேன். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளின் பௌதிகவியல் ஆசிரியர்கள் இந்த வருடக் கண்காட்சிக்கு அதைச் செய்து பார்க்கலாம். விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைகளில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கொண்டுபோய்க் காட்ட விடுமுறை நாட்களில் நானும் அவனும் வரத் தயார்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
பொகவந்தலாவை.